கருவியின் குற்றம்

வண்டலூரில் குடியிருப்போரின் செவிகளுக்கு ஓய்வு குறைவு. வைகறையில் பஜ்ருடைய பாங்கு. அதையடுத்து, காற்று நம் பக்கம் வீசும் நாட்களில், 1985ஆம் ஆண்டு முதல் இவ்வூரில் இருந்துவரும் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவிலிருந்து சிங்கத்தின் உறுமல். பின்னர் தாம்பரம் நோக்கி ஓடும் மின்சார இரயில்கள். 2023ஆம் ஆண்டின் இறுதியில் கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பின் இரவிலும் அடங்காத வாகன இரைச்சல். இத்தனைக்கும் பழகிவிட்ட நம் செவிகளுக்குச் சென்ற ஆண்டு மழைக்காலத்தில் புதியதோர் ஒலி வீட்டுக்குள்ளேயே வந்து சேர்ந்தது. நம் இளைய மகன் மின்சாரக் கிதார் ஒன்று வாங்கிவிட்டான்.

பொறியியல் பயிலும் பிள்ளை அவன். அக்கம்பக்கத்துச் சிறுவர்களுக்கு மாலையில் கணிதம் சொல்லிக்கொடுத்து, ஓராண்டாகச் சேர்த்த பணத்தில் வாங்கியிருந்தான். அண்ணா சாலையில் 1842ஆம் ஆண்டு முதல் இசைக்கருவி விற்றுவரும் மியூசி மியூசிக்கல் வரைக்கும் போய், விலைச்சீட்டுகளைப் படித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினானாம். பிறகு கருவி 9,500 ரூபாய், ஒலிபெருக்கிப் பெட்டி 4,000 ரூபாய் என மலிவானதாக ஒன்றைத் தேடி அஞ்சலில் வரவழைத்தான். இவையெல்லாம் அவனுடைய தாய்க்கு முன்பே தெரியும். நமக்குத்தான் கடைசியில் தெரிந்தது.

“அத்தா, ஒன்று சொல்ல வேண்டும். கோபப்படக் கூடாது” என்று தொடங்கினான்.

நாம் கோபப்படவில்லை. ஆனால் மகிழவும் இல்லை. வேலூர் பாக்கியாத்தில் ஓதிய நாம், முப்பது ஆண்டுகளுக்கு அருகாகப் பிள்ளைகளுக்கு அரபியும் தமிழும் போதித்து வருகிறோம். நாம் பயின்ற ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட நூல்களில் தந்திக் கருவிகளைப் பற்றிய பெரும்பான்மைக் கருத்து கண்டிப்பானது. இமாம் கஸ்ஸாலி (1058–1111) தம் இஹ்யாவில் இசை கேட்பதைப் பற்றித் தனி நூலாகவே விரித்தெழுதி, பலவற்றுக்கு இடமளித்தபோதிலும், தந்திகளை ஒதுக்கியே வைத்தார். அவருக்கு முன்பே அந்தலூஸில் வாழ்ந்த இப்னு ஹஸ்ம் (994–1064), தடைக்குக் காட்டப்படும் சான்றுகள் உறுதியானவை அல்ல என்று வாதிட்டு மாறுபட்டார். இவ்விரண்டையும் மகனுக்கு எடுத்துரைத்தோம். தொழுகை நேரத்தில் ஒலிக்கக் கூடாது, அண்டை வீட்டாருக்குத் தொல்லையாகக் கூடாது, படிப்பு குறையக் கூடாது என்று மூன்று நிபந்தனைகளை விதித்தோம். தீர்ப்பை ஒத்தி வைத்தோம் என்று சொல்வதே பொருந்தும். வளர்ந்த பிள்ளையிடம் வாயிற்கதவை அடைப்பது எளிது. திறப்பது அவ்வளவு எளிதன்று.

முதல் நாளே நம்மை வியப்பில் ஆழ்த்தியது அக்கருவியின் மௌனம். மின்னிணைப்பு இல்லாமல் மீட்டினால், கொசுவின் ரீங்காரம் அளவுக்கே ஓசை. வீணைக்குக் குடம் உண்டு. பழைய கிதாருக்குக் குடைந்த வயிறு உண்டு. இதுவோ உள்ளீடற்ற வயிறில்லாத கெட்டிப் பலகை. பின் ஒலி எங்கிருந்து பிறக்கிறது? தந்திகளின் கீழே சிறு காந்தங்கள். அவற்றைச் சுற்றி மயிரிழையினும் மெல்லிய செப்புக்கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள். எஃகுத் தந்தி காந்தத்தின் மேல் அதிரும்போது கம்பிச் சுருளில் மிகச் சிறிய மின்னோட்டம் பிறக்கிறது. 1831இல் பாரடே கண்டறிந்த அதே விதிதான். அந்த மின்னோட்டத்தைப் பெருக்கி ஒலியாக்குகிறது பெட்டி. 1930களில் அமெரிக்க இசைக்குழுக்களில் பெரிய கருவிகளின் முழக்கத்துக்கிடையே கிதாரின் குரல் அமுங்கிப்போனதால் இந்த வழி காணப்பட்டது. கெட்டிப்பலகைக் கிதார்கள் 1950இலிருந்து பெருவாரியாக விற்பனைக்கு வந்தன. காதொலிப்பானைச் செருகிக்கொண்டால் அடுத்த அறைக்கும் கேளாது. நம் இரண்டாவது நிபந்தனையைக் கருவியே நிறைவேற்றிக் கொடுத்தது!

ஐரோப்பியர் ‘லூட்’ என்றழைத்த தந்திக்கருவி, பெயரோடு சேர்த்து அரபிகளின் ‘அல்ஊத்’ வழியே வந்தது என்பதை வாசகர்களுள் பலர் அறிந்திருப்பர். பக்தாதிலிருந்து 822இல் குர்துபாவுக்கு வந்த ஸிர்யாப், நான்கு தந்திகளே இருந்த ஊதுக்கு ஐந்தாவது தந்தி சேர்த்தார் என்பது வரலாறு. கிதார் அந்த ஸ்பெயின் நாட்டிலேயே வளர்ந்து உருப்பெற்றது. ஆனால் ஊதுக்கும் கிதாருக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஊதின் கழுத்து வழுவழுப்பானது. சுரம் எங்கே இருக்கிறது என்பதை வாசிப்பவனின் விரலே தேடிக் கண்டடைய வேண்டும். கிதாரின் கழுத்திலோ, வீணைக்காரர் ‘மெட்டு’ என்று சொல்லும் உலோகத் துண்டுகள் குறுக்கே பதிக்கப்பட்டுள்ளன. வீணையின் 24 மெட்டுகள் மெழுகில் பதிந்தவை. பிசகினால் பெயர்த்து வைக்கலாம். கிதாரின் மெட்டுகள் மரத்தில் அடித்து இறக்கப்பட்டவை. ஆகவே ஊதில் சுரம் பிசகினால் குற்றம் வாசிப்பவனுடையது. கிதாரில் அக்குற்றத்தில் பாதி, கருவியைச் செய்தவனுடையதாகவும் இருக்கலாம். இவ்வுண்மை அப்போது நம் நினைவுக்கு எட்டவில்லை.

மூன்று வாரங்கள் கழிந்தன. ஒரு நாள் மஃரிபுக்குப் பின் மகன் கிதாரை உறையிலிட்டுக் கட்டிக்கொண்டிருந்தான்.

“விற்றுவிடப் போகிறேன் அத்தா. எனக்கு இது வராது. சுருதி சேர்த்துவிட்டுத்தான் வாசிக்கிறேன். ஆனாலும் கேட்கச் சகிக்கவில்லை. என் விரல்தான் சரியில்லை.”

நியாயப்படி நம் நெஞ்சு குளிர்ந்திருக்க வேண்டும். நாம் விதிக்கத் தயங்கிய தடையை அவனே விதித்துக்கொண்டான் அல்லவா? ஆனால் ‘எனக்கு இது வராது’ என்ற அந்தச் சொல், இருபது ஆண்டுகளுக்கு முந்திய ஒரு குரலைக் கொண்டுவந்து நம் முன் நிறுத்தியது.

அப்போது நம்மிடம் ஓத வந்த சிறுவர்களில் ஒருவனுக்கு வயது ஒன்பது. அரபியின் ‘ரா’ என்னும் எழுத்து அவன் வாயில் பிறக்கவே பிறக்காது. நாவின் நுனி மேலண்ணத்தின் முன்பகுதியைத் தொட்டு அதிர வேண்டும் என்று நூறு முறை சொல்லிக் கொடுத்தோம். எழுத்துகள் பிறக்கும் இடங்களை அரபியில் மக்ரஜ் என்போம். தொல்காப்பியர் அதனையே பிறப்பியலில் வகுத்தார். இரண்டையும் கற்ற பெருமை நமக்கு இருந்தது. அந்தப் பெருமையோடு அவனை ஏனைய பிள்ளைகள் முன்னிலையில் கடிந்துகொண்டோம். ‘சோம்பேறி நாக்கு’ என்றோம். ஒரு நாள் அவன், “எனக்கு இது வராது உஸ்தாத்” என்று சொல்லிவிட்டுப் போனான்; பிறகு வரவில்லை. சில ஆண்டுகள் கழித்துத் தாம்பரம் இரயில் நிலையத்தில் அவனுடைய தாயைச் சந்தித்தோம். பிள்ளையின் நாவுக்கு அடியிலிருந்த தசைநார் குட்டையாக இருந்ததாம். மருத்துவர் சிறிதே வெட்டிவிட்ட பின், பயிற்சியில் பேச்சுத் திருந்திவிட்டதாம். அந்த அம்மையார் நம்மைக் குறை கூறவில்லை. குறை கூறியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். மக்ரஜ்களைப் பாடமாகச் சொல்லத் தெரிந்த நமக்கு, அந்தப் பிள்ளையின் வாயை ஒரு முறை திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

“உறையை அவிழ், கருவியைப் பார்ப்போம்” என்றோம். மகன் நம்பாமல் நம்மைப் பார்த்தான்.

தமிழிலக்கியம் படித்தோர்க்கு இது புதிதன்று. சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையோடு யாழ்ப்போருக்கு வந்த சீவகன், கையில் கொடுத்த யாழை வாங்கியவுடன் வாசித்துவிடவில்லை. இது நீரில் நின்ற மரம், இது இடி விழுந்த மரம், இந்த நரம்பில் மயிர் இருக்கிறது என்று குற்றம் கண்டு விலக்கிய பிறகே நல்லதை ஏற்றான். சிலப்பதிகாரக் கானல்வரியிலும் மாதவி யாழைக் கையிலெடுத்ததும், பண்ணல், பரிவட்டணை, ஆராய்தல், தைவரல் என்று தொடங்கும் எண்வகைச் செயல்களால் அதனைச் சோதிக்கிறாள். நம் முன்னோர் திறமையைச் சோதிக்கும் முன் கருவியைச் சோதித்தார்கள்.

நமக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் இழுத்து ஓதும் எழுத்து அரை மாத்திரை குறைந்தாலும் கண்டுபிடிக்கும் செவி உண்டு. மகன் மீட்ட, நாம் கேட்டோம். வெறுந்தந்திகள் ஆறும் சுருதியில் சரியாக இருந்தன. அவனுடைய கைபேசியும் அப்படியே காட்டிற்று. முதல் மெட்டில் அழுத்தியதும் சுரம் சற்றே ஏறி ஒலித்தது. பன்னிரண்டாவது மெட்டுத் தந்தியின் நடுப்பாகத்தில் உள்ளது. அங்கே இலேசாகத் தொட்டு மீட்டினால் வெறுந்தந்தியின் மேல் ஸ்தாயிச் சுரம் மணியோசைபோல் கிடைக்கிறது. அதே இடத்தில் அழுத்தி மீட்டினாலும் அதே சுரம் வரவேண்டும். வரவில்லை, நான்கு தந்திகளில் தெளிவாகக் கூடியே ஒலித்தது.

“மறுபடி மெதுவாக அழுத்து” என்றோம். மெதுவாக அழுத்தினாலும் ஏற்றம் போகவில்லை. குற்றம் விரலில் இல்லை.

எஃகு அளவுகோலை வைத்துப் பார்த்தான். பன்னிரண்டாவது மெட்டில் தந்தி மூன்று மில்லிமீட்டருக்கும் மேலே நின்றது. ஒன்றரை முதல் இரண்டு வரை இருந்தால் கைக்கு இதம் என்கிறார்கள். தந்தி அவ்வளவு உயரத்தில் நின்றால், அதை மெட்டுவரை அழுத்தும்போது இழுபட்டுச் சுருதி ஏறத்தானே செய்யும்? கழுத்தின் உச்சியில் தந்திகள் படிந்து செல்லும் வெண்கட்டையின் பள்ளங்களும் போதிய ஆழம் அறுக்கப்படவில்லை. மெட்டுகளின் ஓரங்கள் அராவப்படாமல் நீட்டிக்கொண்டிருந்தன. அவன் இடக்கையைத் திருப்பிக் காட்டினான். சுட்டுவிரலின் ஓரமெல்லாம் கீறல். மூன்று வாரம் அந்தக் கீறல்களைத் தன் தகுதியின்மைக்குச் சான்றாக அல்லவா எண்ணியிருந்தான்!

அடுத்து வந்த இரண்டு வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்குப் பின் வேலை நடந்தது. கழுத்துக்குள் ஓடும் எஃகுத் தண்டை ஆறுமுகத் திருகுகோலால் கால் சுற்று முடுக்கி, முன்பக்கம் வளைந்திருந்த கழுத்தை நிமிர்த்தினான். உச்சிக்கட்டையின் பள்ளங்களை மெல்லிய அரத்தால் ஆழப்படுத்தினான். மெட்டு ஓரங்களைத் தேய்த்து மழுக்கினான். தந்திகளின் குதிரைகளைத் தாழ்த்தினான். பின்னர் ஒவ்வொரு குதிரையாகத் திருகிப் பின்னுக்குத் தள்ளத் தள்ள, நாம் கண்ணை மூடிக்கொண்டு, “இன்னும் கொஞ்சம்... போதும்” என்று சொல்லிக்கொண்டிருந்தோம். நம் இல்லாள் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, “தீர்ப்பு ஒத்தி வைத்திருப்பதாகச் சொன்னீர்களே?” என்றார். நாம் பதில் சொல்லவில்லை.

கருவியின் மதிப்பீட்டையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறோம். வாங்க நினைக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்குப் பயன்படும். கழுத்தின் பருமன் இளம் கைக்கு ஏற்றதாகவே உள்ளது. தந்தியை முடுக்கும் திருகுகள் மட்டமானவை. அரைமணிக்கு ஒரு முறை சுருதி நழுவுகிறது. காந்தச்சுருள்கள் மூன்றில் கழுத்தருகே உள்ளது உருண்டையான, கனிந்த குரல் தருகிறது. குதிரையருகே உள்ளது கூர்மையாகக் கீச்சிடுகிறது. வீட்டு மின்சாரத்தின் இரைச்சல் பின்னணியில் ஓயாமல் முரல்கிறது. தந்தியில் கை வைத்தால் அடங்குகிறது, எடுத்தால் மீண்டும் முரல்கிறது. இரட்டைச் சுருள் கொண்ட விலையுயர்ந்த கருவிகளில் இக்குறை இல்லையாம். ஆயினும் சீர்செய்த பின், தொடங்குபவனுக்கு இது போதும். மலிவான கருவியில் மிச்சம் பிடிக்கப்பட்டது பெரும்பாலும் மரத்தில் அன்று. கடைசியில் ஒரு மனிதன் உட்கார்ந்து செய்ய வேண்டிய இரண்டு மணி நேர வேலையில்தான். அந்த வேலையைச் செய்விக்காமல் பிள்ளையின் கையில் கொடுத்தால், பிள்ளை தன்னையே நொந்துகொள்வான்.

இரண்டாம் வெள்ளி மாலை, மகன் ஒரு சிறு பயிற்சியை வாசித்தான். தடுமாற்றம் இருந்தது, ஆனால் அது இப்போது அவனுடைய தடுமாற்றம், பழகப் பழகத் திருந்தக்கூடியது. அவன் முகத்தை நாம் பார்த்துக்கொண்டிருந்தோம். மஃரிபுடைய பாங்கு கேட்டது. நாம் சொல்லும் முன்பே பெட்டியின் விசையை அணைத்துவிட்டு எழுந்தான். இருவரும் சேர்ந்தே பள்ளிக்கு நடந்தோம். வழியில் அவன், “ஆக, கூடுமா அத்தா?” என்று கேட்டான். இமாம்கள் வேறுபட்ட இடத்தில் நாம் ஒரு வார்த்தையில் முடித்துவிட முடியாது என்றோம். அவன் சிரித்தான். அந்தக் கேள்வி இன்னும் நம் வீட்டில் இருக்கிறது, கிதாரும் இருக்கிறது.

மறுநாள் காலை வகுப்பில் புதிதாகச் சேர்ந்த ஒரு சிறுமி ‘ரா’வை ‘லா’ என்று ஓதினாள். ஏனைய பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்களை அடக்கிவிட்டு, அவளை அருகே அழைத்தோம்.

“வாயைத் திற அம்மா, நாக்கை மேலே தூக்கு, பார்ப்போம்” என்றோம்.