அந்தப் பக்கம் போனா மைனஸ்

டியூஷன் எடுத்துப் பிழைக்கிறவன் நான். எட்டாவது முதல் பத்தாவது வரை கணக்கு. ‘அந்த சார்கிட்ட விட்டா பாஸ் நிச்சயம்’ என்று தெருவில் பேர் உண்டு. அந்தப் பேரைச் சம்பாதித்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன்.

3 எக்ஸ் + 7 = 22. ‘ஏழு அந்தப் பக்கம் போனா மைனஸ், பெருக்கல் போனா வகுத்தல்’ என்று ஒப்பிக்க வைப்பேன். 3 எக்ஸ் = 15, எக்ஸ் = 5. முடிந்தது கதை. உண்மையில் ஏழு எங்கேயும் போவதில்லை. இரண்டு பக்கத்திலும் ஏழைக் கழிக்கிறோம். இந்தப் பக்கம் 3 எக்ஸ் மட்டும் மிஞ்சுகிறது, அந்தப் பக்கம் 22 - 7. இதைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். நான் சொன்னதே இல்லை. கேட்டால் ‘போர்ஷன் முடிக்கணும்’ என்பேன். சோம்பல்தான் நிஜக் காரணம். என்னையும் அப்படி ஒப்பிக்க வைத்துத்தான் வளர்த்தார்கள்; பி.எஸ்சி. கணிதம் முடித்த பிறகும் அதை நின்று யோசிக்கத் தோன்றவில்லை.

ஒரு பெண் 5 எக்ஸ் = 20 என்ற கணக்குக்கு எக்ஸ் = 15 என்று எழுதியிருந்தாள். ‘அஞ்சு அந்தப் பக்கம் போச்சு சார், மைனஸ் ஆச்சு.’ நான் சொன்னதில் முதல் பாதியைத்தான் அவள் அச்சுப் பிசகாமல் செய்திருந்தாள். சிவப்பு மையில் ‘கவனக்குறைவு’ என்று எழுதி இம்போசிஷன் கொடுத்தேன். 15ஐத் திரும்பப் போட்டுப் பார், ஐந்து பதினைந்து எழுபத்தைந்து அல்லவா வருகிறது என்று கேட்டிருந்தால் அவளே பிடித்திருப்பாள். விடையைச் சரிபார்க்கும் பழக்கத்தையும் நான் கற்றுக்கொடுக்கவில்லையே.

-3 எக்ஸ் = 12 என்று போட்டால் பாதிப் பேர் எக்ஸ் = 4 என்பார்கள். மூன்று வகுக்கப் போனது சரி. போகிற போக்கில் குறியையும் மாற்றிக்கொண்டது. விடை -4. இது அவர்கள் புத்தியில் விழுந்த ஓட்டை என்றே நெடுநாள் நினைத்திருந்தேன்.

சமக்குறி விஷயத்தில் நான் செய்தது இன்னும் மோசம். மூன்றும் நான்கும் ஏழு, அதை இரண்டால் பெருக்கு, ஐந்தைக் கழி என்று சொல்லிக்கொண்டே போர்டில் 3 + 4 = 7 × 2 = 14 - 5 = 9 என்று ஒரே ஓட்டமாக எழுதுவேன். முதலையும் கடைசியையும் பார்த்தால் மூன்றும் நான்கும் ஒன்பது! 1557இல் ராபர்ட் ரெக்கார்ட் இந்தக் குறியை அச்சில் கொண்டுவந்தபோது, ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைவிடச் சமமானவை வேறில்லை என்று காரணம் சொன்னார். என் பிள்ளைகளுக்கோ அது ‘விடை வருது, ஒதுங்கு’ என்ற ஹாரன். 8 + 4 = □ + 5 என்று எழுதிக் கட்டத்தை நிரப்பச் சொன்னேன். பெரும்பாலோர் 12 என்றார்கள். 7 என்றவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

‘ஏன் சார் மைனஸ் ஆகுது?’ என்று கேட்டவர்களும் இருந்தார்கள். ‘பரிட்சைல ஏன்னு கேக்க மாட்டான், போடு’ என்று வாயை அடைத்தேன். அடுத்த வாரம் அவர்கள் கேட்கவில்லை. பிள்ளைகள் திருந்திவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது 3 எக்ஸ் + 7 = 22 என்றால் இரண்டு பக்கத்துக்கும் கீழே -7, -7 என்று எழுத வைக்கிறேன். ‘ரெண்டு வரில முடியறத எதுக்கு சார் நாலு வரியா இழுக்கறீங்க?’ என்று ஒரு அப்பா பையனை வேறு டியூஷனுக்கு மாற்றிவிட்டார். அதில் எனக்கு வருத்தம்தான், ஃபீஸ் போயிற்றே.

முழுசாகத் திருந்திவிட்டேன் என்றும் சொல்ல முடியாது. போன பொதுத்தேர்வுக்கு முதல் நாள் ராத்திரி, பயத்தில் வெளிறிப்போய் வந்த ஒருவனிடம், ‘அந்தப் பக்கம் போனா மைனஸ், அவ்ளோதான், எழுதிட்டு வாடா’ என்றேன். பாஸாகிவிட்டான். அவன் அம்மா ஸ்வீட் பாக்ஸோடு வந்து, ‘எல்லாம் உங்களாலதான் சார்’ என்றார். வாங்கிக்கொண்டேன்.