கேதார்

வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். சாம்பிள் சட்டையை அணிந்து பார்த்து ஸ்பானிய டிசைனர் எழுதும் குறிப்புகளில் பாதி அவர் மொழியிலேயே வரும். அவற்றுக்காகத்தான் ஸ்பானியம் கற்கத் தொடங்கினேன். அங்கே என்னை நெடுநாள் நிறுத்தி வைத்த சொல் 'கேதார்'.

அகராதி அதற்குத் தந்த பொருள்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. எஞ்சுதல், பொருந்துதல், ஓரிடத்தில் இருத்தல், சந்திக்க முடிவு செய்தல், ஒரு நிலையை எய்துதல். 'மே கேதா கிராந்தே' என்றால் சட்டை எனக்குப் பெரிதாக இருக்கிறது. 'தோந்தே கேதா' என்றால் அது எங்கே உள்ளது. 'மே கேதான் தோஸ்' என்றால் எனக்கு இரண்டு மிச்சம். ஆங்கிலத்தின் வழியே இதைப் படிப்பவர் தலைகீழாக நிற்கவேண்டும். நமக்கோ 'எனக்கு' என்ற நான்காம் வேற்றுமை கைவசம் இருக்கிறது. எனக்குப் பசிக்கிறது என்று சொல்லி வளர்ந்தவர்களுக்கு இந்த வாக்கியத்தில் வியப்பேதும் இல்லை.

ஆனால் இத்தனை பொருளும் எப்படி ஒரே சொல்லில் குடியேறின? விடை எங்கள் கட்டிங் மாஸ்டரிடமிருந்து வந்தது. ஒரு சாம்பிளைத் தூக்கிப் பிடித்து, "கழுத்து அமையலைங்க" என்றார். அமை! வீடு சாலையோரம் அமைந்திருக்கிறது. பெண்ணுக்கு வரன் அமைகிறது. சட்டை உடம்புக்கு அமைகிறது. அமைதி என்பதும் அதன் பிள்ளையே. கேதாரின் வேரைத் தேடினால் லத்தீனில் 'க்வியேத்தாரே', அமைதிப்படுத்துதல் என்று இருக்கிறது. அசைந்துகொண்டிருந்த ஒன்று அடங்கி ஓரிடத்தில் நிற்பது என்ற ஒரே காட்சியிலிருந்து, தொடர்பே இல்லாத இரு மொழிகள் இடத்தையும் பொருத்தத்தையும் எடுத்திருக்கின்றன. மொழியியலார் இதற்கு என்ன பெயர் சூட்டுவார்களோ, எனக்கு மாஸ்டரின் வாக்கியம் போதும்.

எஞ்சுதல் மட்டும் நம் அமையில் இல்லை.

2020 மார்ச் 14 அன்று ஸ்பெயினில் அவசர நிலை அறிவிக்கப்பட்டது. 'கேதாத்தே என் காசா', வீட்டிலேயே இரு என்பது அந்நாட்களில் அங்கே எங்கும் கேட்ட வாசகம். நம் ஊரடங்கு மார்ச் 25 அன்று தொடங்கியது. அதற்குச் சில நாட்கள் முன்பு ஒரு பையரிடமிருந்து, வழக்கத்துக்கு மாறாக முழுக்க ஸ்பானியத்தில், ஒரு மின்னஞ்சல். 'எல் பெதீதோ கேதா அனுலாதோ.' ஆர்டர் ரத்தாகிறது. சட்டைக்கும் வீட்டுக்கும் படித்த அதே வினை. யார் ரத்து செய்தார்கள் என்பதைச் சொல்லவேண்டிய கட்டாயமே அதில் இல்லை. ஆர்டர் தானாக அந்த நிலையில் போய் அமர்ந்துகொண்டதுபோல. ஒரு சொல் இவ்வளவு நாகரிகமாக நழுவ முடியும் என்று எந்தப் பாடநூலும் எனக்குச் சொல்லவில்லை.

மே மாதம் சிறப்பு ரயில்கள் ஓடத் தொடங்கியதும் எங்கள் தையல்காரர்களில் பலர் ஒடிசாவுக்கும் பீகாருக்கும் புறப்பட்டார்கள். சிலர் தங்கிவிட்டார்கள். தானே விரும்பித் தங்குவதற்கு ஸ்பானியத்தில் 'கேதார்சே'. நாம் 'கொள்' என்ற துணைவினையைச் சேர்ப்போமே, இருந்துகொள், வைத்துக்கொள் என்று, ஏறத்தாழ அதே வேலையை அந்தச் 'சே' செய்கிறது.

ஜூனில் அதே பையர் மறுபடி எழுதினார். தைத்து முடிந்தவற்றை மட்டும் 'நோஸ் கேதாமோஸ்', நாங்கள் வைத்துக்கொள்கிறோம். வெட்டி அடுக்கியிருந்த துணி எங்களுக்குக் 'கேதா'. அதை வேஸ்ட் வியாபாரி கிலோ கணக்கில் எடை போட்டு எடுத்துப்போனார்.