பாறைக்கு இடம் விட்ட நகரம்

ஹொசப்பேட்டையில் ரயிலை விட்டு இறங்கி ஆட்டோவில் ஏறினால் ஹம்பிக்கு அரை மணி நேரம். கரும்புக்கொல்லையும் வாழைத்தோப்பும் விலகியதும் பாறைகள் தொடங்கிவிடுகின்றன. யாரோ லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனது போல உருண்டைக் கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கின்றன. சில ஆளுயரம், சில இரண்டு மாடி உயரம். கையகலப் பிடிமானத்தில் நிற்கிறதே, இப்போதே உருண்டுவிடுமோ என்று பார்க்கிறவருக்குத்தான் பதற்றம். ஆட்டோக்காரர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

கிஷ்கிந்தை இதுதான் என்பது ஊர் நம்பிக்கை. வாலியும் சுக்ரீவனும் ஒருவர்மேல் ஒருவர் எறிந்த கற்கள் என்று வழிகாட்டிகள் சொல்லும்போது, சுற்றிலும் கிடப்பதைப் பார்த்த பிறகு மறுத்துப் பேச வாய் வராது. புவியியலாளர்கள் சொல்லும் கதையில் சண்டை இல்லை, தண்ணீர்தான் இருக்கிறது. ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியில் இறுகிய கிரானைட் இது. அதில் குறுக்கும் நெடுக்குமாக விழுந்த விரிசல்களில் நீர் இறங்கி, மூலைகளை அரித்தது. உளுத்த பகுதி மண்ணாகி மழையோடு போயிற்று. உள்ளேயிருந்த கெட்டிக் கல் மட்டும் உருண்டு திரண்டு, இருந்த இடத்திலேயே தலைகாட்டியது. ஆக, இவற்றில் பெரும்பாலானவை எங்கிருந்தும் வந்தவை அல்ல.

1336-இல் விஜயநகரத்தைத் தொடங்கியவர்களுக்கு இந்தக் குவியல் இடைஞ்சலாகப் படவில்லை. பாதி மதில் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்ததே! கோட்டைச் சுவர் ஒரு பாறையில் முட்டி நிற்கிறது, மறுபக்கத்தில் மீண்டும் கிளம்புகிறது. இடைவெளிகளை மட்டும் செதுக்கிய கற்களால், சாந்து வைக்காமல், இறுக்கி அடைத்திருக்கிறார்கள். இதே மாதிரிப் பாறைகள் ஐதராபாத்திலும் உண்டு. அங்கே வீட்டுமனைக்காக அவற்றை வெடிவைத்துத் தகர்த்த வேகத்தைப் பார்த்து, 1996-இல் ‘சொசைட்டி டு சேவ் ராக்ஸ்’ என்று ஓர் அமைப்பே உருவாக வேண்டியிருந்தது.

ஹம்பியிலும் கல்லை உடைக்காமல் இல்லை. ஆற்றோரப் பாதையில் நடந்தால் பாறைகளின் விளிம்பில் தையல் போட்டது மாதிரி வரிசையாகச் சதுரக் குழிகள் தெரியும். குழியில் ஆப்பு அறைந்து பிளந்திருக்கிறார்கள். பாதி கோயிலுக்குப் போய்விட்டது. மீதி, வெட்டுவாயில் பல்பல்லாகத் தடம் காட்டிக்கொண்டு கிடக்கிறது. குழி மட்டும் போட்டுப் பிளக்காமல் விட்ட கற்களும் உண்டு. வேலை ஏன் நின்றது என்று யோசித்தபடி அந்தக் குழியில் விரலை விட்டுப் பார்க்காத பயணி குறைவு.

பிளக்காமல் அப்படியே சாமியாக்கிய கற்கள்தான் இன்னும் சுவாரசியம். கடலேகாளு கணபதி சுமார் 4.5 மீட்டர். அவரை யாரும் தூக்கிவந்து கருவறைக்குள் வைக்கவில்லை. பாறை இருந்த இடத்திலேயே செதுக்கி, சுற்றிக் கருவறை எழுப்பினார்கள். கிருஷ்ணதேவராயர் காலத்தில், 1528-இல் உருவான நரசிம்மர் 6.7 மீட்டர், அவரும் ஒரே கல். மடியிலிருந்த லட்சுமி சிதைந்துபோனாலும், தேவியின் கை ஒன்று அவர் முதுகுப்பக்கம் இன்னும் இருக்கிறது. 50 ரூபாய் நோட்டில் வரும் கல் ரதத்தையும் ஒற்றைக்கல் என்றே பலர் நினைக்கிறார்கள். அது பல கற்களை இணைப்புத் தெரியாமல் கோத்துக் கட்டியது.

துங்கபத்திரையில் பரிசல் போகும் நாளாக இருந்தால் கோடிலிங்கத்தைத் தவறவிடக் கூடாது. கரையோரத் தட்டைப் பாறையில் வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன லிங்கங்கள். கோயில் கிடையாது, கூரை கிடையாது. வெள்ளம் வந்தால் ஆறே அபிஷேகம் செய்துவிட்டுப் போகும்.

அக்கரையில் வேறு கூட்டம். குளிர்காலம் வந்தால் வெளிநாட்டு இளைஞர்களும் பெங்களூர்ப் பிள்ளைகளும் முதுகில் கனத்த மெத்தையைச் சுமந்துகொண்டு பாறை ஏற வருகிறார்கள். கயிறு கட்டுவதில்லை. விழுந்தால் தாங்க அந்த மெத்தை, வியர்வைக்கு இடுப்புப் பையில் சுண்ணப்பொடி, அவ்வளவுதான். அமெரிக்க வீரர் கிறிஸ் ஷர்மா இங்கே ஏறியதைக் காட்டிய ‘பில்கிரிமேஜ்’ படம் வந்த பிறகு அவர்கள் உலகில் ஹம்பிக்குத் தனி மரியாதை.

மனிதர்களுக்கு முன்பே இந்தக் கற்களுக்கு இடையில் குடியேறியவை கரடிகள். ஹம்பியிலிருந்து சுமார் 15 கிலோமீட்டரில், 1994-இல் அறிவிக்கப்பட்ட தரோஜி சரணாலயம் அவற்றுக்கானது. பிற்பகலில் வனத்துறை ஆட்கள் வெல்லம் கலந்த தீனியைப் பாறைகளில் பூசிவிட்டு நகர்ந்துகொள்கிறார்கள். பார்வையாளர்கள் எதிரே கோபுரத்தில் தொலைநோக்கியோடு காத்திருக்க வேண்டும். கரடி இடுக்கிலிருந்து இறங்கி வருவதற்குள், மயிலும் காட்டுப்பன்றியும் முந்திக்கொண்டு பந்தியில் உட்கார்ந்துவிடுவதும் உண்டு.