முறுக்கிக்கிட்டு நிற்கும் கோபுரம்!

லண்டனிலிருந்து ஷெஃபீல்டுக்கு ரயில்ல போறவங்க, செஸ்டர்ஃபீல்ட் வந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிடுவாங்க. காரணம், ஈரத் துணியைப் பிழிஞ்சு நிறுத்தி வெச்ச மாதிரி நிற்கும் ஒரு சர்ச் கோபுரம்!

புனித மேரி மற்றும் அனைத்துப் புனிதர்கள் ஆலயம். கதீட்ரல் எல்லாம் இல்லை, ஊர்ப் பங்கு ஆலயம்தான். கல் கட்டடத்தின் பெரும்பகுதி 14-ம் நூற்றாண்டு. அதன் தலையில் 1362 வாக்கில் ஏறியது இந்த மரக் கூம்பு. உச்சி வரை உயரம் 228 அடி. 45 டிகிரி முறுக்கு. நுனி, மையத்தை விட்டு தென்மேற்கே ஒன்பதரை அடி தள்ளி நிற்குது. பீசா கோபுரத்துக்குச் சாய மட்டும்தான் தெரியும் பாஸ், இவர் சாஞ்சுக்கிட்டே திரும்பியும் பார்ப்பார்!

ஊர்க்கதை என்ன தெரியுமா? பிசாசுக்கு லாடம் அடிச்ச கொல்லன், ஆணியைக் காலுக்குள்ளேயே இறக்கிட்டானாம். வலியில் துள்ளிய பிசாசு விட்ட உதை கோபுரத்தில் பட்டுச்சாம். வைவாவில் இதைச் சொன்னா எக்ஸ்டர்னல் எழுந்து போயிடுவார்.

வழக்கமா எல்லாரும் திட்டுவது பச்சை மரத்தை. ஆனா அந்தக் காலத்தில் ஓக்கைப் பச்சையா அறுத்து மாட்டுறதுதான் வழக்கம், காய்ஞ்சா உளி இறங்காது. காயும்போது மரம் திருகும். அதைப் பிடிச்சு வைக்கக் குறுக்குச் சட்டம் வேணும். இங்கே அது போதலை. மேலே சுமார் 33 டன் ஈயத் தகடு வேற. வெயில் விழும் தெற்குப் பக்கம் ஈயம் அதிகமா விரியும், வடக்குப் பக்கம் அவ்வளவு விரியாது. மரம் என்னதான் பண்ணும்?

குறுக்குச் சட்டம் கூடவா ஆசாரிகளுக்குத் தெரியாது? இங்கேதான் மனசு கனக்குது. 1348-49ல் வந்த பிளேக், இங்கிலாந்தில் மூணுல ஒருத்தரையாவது கொன்னுது. கைதேர்ந்தவங்க பலர் போயிட, மிச்சம் இருந்தவங்க கட்டினதுனு ஒரு விளக்கம் உண்டு. கையைப் பார்த்துக் கத்துக்கிற தொழில் அது. சீனியர் போனா சிலபஸே போச்சு.

1961 டிசம்பர் 22. சர்ச்சுக்குள் தீ! வடக்குச் சிறகு எரிஞ்சு, 1756-ல் ஸ்னெட்ஸ்லர் செய்த ஆர்கனும் சாம்பல். கோபுரத்துக்குள்ளே இருந்ததோ 600 வருஷமா காய்ஞ்ச மரம். ஈயம் 327 டிகிரியில் உருகிடும். தீ மட்டும் தாவியிருந்தா கதை முடிஞ்சிருக்கும். தீயணைப்பு வீரர்கள் தாவ விடலை.

கோணல்னு ஊர்ல யாரும் வெட்கப்படுறதா தெரியலை. உள்ளூர் ஃபுட்பால் டீமோட பட்டப்பேரே ‘ஸ்பயரைட்ஸ்’, அதாவது கோபுரத்துக்காரங்க!