ஒரு பாவு கெட்டா தறியவே நிறுத்துவீங்களா?

2024 செப்டம்பர் கடைசியில் எல்லோர் போனிலும் ஒரே செய்திதான். 'பாராசிட்டமால் உட்பட 50-க்கும் மேற்பட்ட மருந்துகள் தரமற்றவை!' சில தலைப்புகளில் பிபி மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் சேர்ந்துகொண்டன. சோமனூரில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அன்று மட்டும் ஏழு முறை வந்தது.

எட்டு விசைத்தறி ஓட்டும் என் மாமாவுக்குப் பல வருஷமாக டெல்மிசார்டன் மாத்திரை. நாலு நாளாக அட்டை அப்படியே இருப்பதைப் பார்த்துவிட்டு அத்தை எனக்கு போன் செய்தார். நேரில் போய்க் கேட்டேன்.

"ஏங்கண்ணு, கவர்மென்ட்டே தரமில்லைன்னு சொல்லிப்போட்டாங்க. அதையப் போயி முழுங்கச் சொல்றியா? எனக்கு ஒண்ணும் பண்லியே, நல்லாத்தான இருக்கறேன்" என்றார். கிளினிக்குக்குக் கூட்டிப்போய்ப் பார்த்தால் பிபி 170/100.

செய்தி பொய்யில்லை; பாதிதான் வந்திருந்தது. மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு, சந்தையில் எடுத்த மாதிரிகளில் சோதனையில் தேறாதவற்றை மாதாமாதம் பட்டியலிடுகிறது. அது ஆகஸ்ட் மாதப் பட்டியல். மருந்தின் பெயரோடு கம்பெனி, பேட்ச் எண், தேறாத காரணம் எல்லாம் அதில் உண்டு. தேறாதது அந்த பேட்ச் மட்டுமே. அதிலும் சில, தங்கள் பெயரில் வேறு யாரோ செய்த போலி என்று கம்பெனிகள் சொல்லின. தலைப்பில் பேட்ச் எண்ணுக்கு இடமில்லை. மருந்தின் பெயர் மட்டும் மாட்டிக்கொண்டது.

மாமாவின் அட்டையைத் திருப்பி எண்ணைப் பார்த்தோம். பட்டியலில் அது இல்லை.

"ஒரு பாவுல நூல் சரியில்லைன்னா அந்தப் பாவத்தானுங் மாமா எறக்குவீங்க? தறியவே நிறுத்திப்போடுவீங்களா?" என்றேன். சிரித்துவிட்டார். டாக்டர் சொன்னபடி அன்றைக்கே மறுபடி ஆரம்பித்தார்.

ரத்த அழுத்தம் ஏறினால் பெரும்பாலும் வெளியே தெரியாது. தெரியும்போது அது பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ இருக்கலாம். தரமற்ற மாத்திரைக்குப் பயந்து நல்ல மாத்திரையை நிறுத்துவதில் உள்ள ஆபத்து அதுதான்.

இப்படிச் செய்தி வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்தக் கம்பெனி? எந்த பேட்ச்? என்ன குறை? மருந்துக்கடை பில்லைப் பத்திரமாக வையுங்கள். உங்கள் அட்டையின் எண் பட்டியலில் இருந்தால் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதே மருந்தை வேறு பேட்ச்சில் அன்றைக்கே வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் அட்டையோடு போங்கள். அவர் சொல்லாமல் ஒருவேளை மாத்திரையைக்கூட நிறுத்த வேண்டாம்.