வாத்தியாரும் சிறுவரும்

சென்ற ஆண்டு எம் கல்லூரி விழாவிற்கு நாடகம் பயிற்றும் பொறுப்பு எம்மிடம் வந்தது. நடிக்க முன்வந்தோருள் ஒருவர் எம் ஊராகிய திருத்தணிகையை அடுத்த சிற்றூரினர். அவர் இல்லத்தில் வழங்குவது தெலுங்கு, கடைத்தெருவில் தமிழ். எல்லைப்புறத்தார்க்கு இஃது இயல்பு. ழகரம் வருமிடமெல்லாம் அவர் நாத் தடுமாறிற்று. ஒருநாள் யாம் பலர் முன்னிலையில் அவர்போலவே பேசிக் காட்டினோம், யாவரும் நகைத்தனர். மறுநாள் அவர் வரவில்லை. பிறரொருவரைக் கொண்டு நாடகம் நடந்தேறியது, பாராட்டும் பெற்றோம். அதனை அத்துடன் மறந்தோம்.

கோடை விடுமுறையில், அவ்வை தி. க. சண்முகனார் 1972-இல் வெளியிட்ட ‘எனது நாடக வாழ்க்கை’ என்னும் நூல் எம் கைக்கு எட்டியது. 1912-இற் பிறந்த அவர், 1918-இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகளின் பாலர் சபையிற் சேர்ந்தபோது ஆறு வயதுச் சிறுவர். சுவாமிகளும் முன்னர் நடிகரே. அவர் பூண்ட சனீசுவர வேடத்தைக் கண்டு அஞ்சிய கர்ப்பிணி ஒருத்தி கருவிழந்தாள் என்றும், அதன்பின் அவர் அரிதாரம் பூசுதலை விடுத்து வாத்தியாராகவே அமைந்தார் என்றும் கூறுவர். அத்தகைய பெரியார், சிறுவர் சண்முகத்தின் பொருட்டு ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை ஓரிரவிலேயே எழுதி முடித்தார்!

1922-இற் சுவாமிகள் மறைந்தார். 1925-இற் சண்முகனாரும் உடன்பிறந்தாரும் தாமே சபை கண்டு, தாம் கற்றவாறே சிறுவர் பலரைப் பயிற்றினர். கமல்ஹாசனும் இளமையில் அவரிடம் பயின்றவரே. 1996-இல் தம் திரைப்படத்திற்கு ‘அவ்வை சண்முகி’ எனப் பெயரிட்டு ஆசிரியரை நினைந்தார்.

இவற்றைப் படித்த யாம் நாணினோம். அவ்வாசிரியர் மாணாக்கனை நோக்கி நாடகம் சமைத்தார். யாமோ நாடகத்தை நோக்கி மாணாக்கனைத் தள்ளினோம்.

அம்மாணவரை அழைத்துக்கொண்டு மலையேறினோம். முந்நூற்றறுபத்தைந்து படிகளுள் பாதியளவில் இளைப்பாற அமர்ந்தபோது, “தம்பி, அன்று யாம் செய்தது பிழை, பொறுத்தல் வேண்டும்” என்றோம்.

அவர் சற்றுநேரம் வாளாவிருந்தார். பின்னர், “ஐயா, அன்றிரவு முழுதும் அச்சொற்களைச் சொல்லிப் பழகினேன். மறுநாள் வாயில்வரை வந்தேன். உள்ளே சிரிப்பொலி கேட்டது. திரும்பிவிட்டேன்” என்றார்.

அச்சிரிப்பு எதன்பொருட்டு எழுந்ததோ யாம் அறியோம். அவர் அறிந்தது ஒன்றே. எமக்கு மறுமொழி கிட்டவில்லை.

சுவாமிகளை நினைந்து, “இவ்வாண்டு உமக்கென்றே தெலுங்கு பேசும் வணிகர் வேடமொன்று எழுதுகின்றோம்” என்றோம்.

“வேண்டா ஐயா. அந்தப் பழைய வேடமே வேண்டும்” என்றார் அவர்.

மாணாக்கனை நோக்குதல் என்பதன் பொருளை அப்போதுதான் உணர்ந்தோம். அவர் குறையை நோக்கி வேடம் சமைக்க எண்ணினோம். அவர் விருப்பத்தை வினவினோமல்லோம். இவ்வாண்டு அதே நாடகம், அதே வேடம், அவரே நடிப்பார் என உறுதி கூறினோம்.

அப்படியிலேயே பயிற்சி தொடங்கிற்று. முதற்சொல்லை அவரே தேர்ந்தார்: தமிழ்.