பசும்பீங்கான் தட்டு

சீன நாட்டின் கீழ்க்கடற்கரையை ஒட்டிய செச்சியாங் மாநிலத்தில் லுங்சுவான் என்றோர் ஊர் உண்டு. மலைகள் சூழ்ந்த அப்பகுதியில் நல்ல களிமண்ணும் விறகும் நீரும் ஒருங்கே கிடைத்தன. சுங், யுவான், மிங் அரச மரபினர் காலங்களில் அங்குள்ள சூளைகள் பசும்பீங்கானுக்குப் பெயர்பெற்று விளங்கின.

அச்சூளைகளில் உருவான பழந்தட்டு ஒன்றைக் காண்பவர் முதலில் அதன் நிறத்தையே காண்பர். ஒளிபடுமாறு சற்றே சாய்த்துப் பார்த்தால், நடுவில் ஒரு மலர் மெல்லப் புலப்படும். அது வண்ணத்தால் தீட்டப்பெற்றதன்று. மண் அரைகுறையாய் உலர்ந்த பதத்தில் தொழிலாளர் கத்தியால் இதழ் இதழாகச் செதுக்கியது. அதன்மேல் பூசிய மெருகு, நெருப்பில் உருகிப் பள்ளங்களில் தேங்கியது. மேடுகளில் மெல்லியதாய்ப் படிந்தது. தேங்கிய இடம் அடர்பச்சையாகவும் ஏனைய இடம் இளம்பச்சையாகவும் தோன்ற, ஒரே மெருகினால் மலர் உருவாயிற்று.

அப்பசுமையைத் தருவது மெருகில் கலந்த சிறிதளவு இரும்பே. நம் வீட்டு மண்பானையைச் சிவக்கச் செய்வதும் இரும்புதான். காற்று தாராளமாகப் புகுந்தால் அது செம்மையோ மஞ்சளோ தரும். காற்றைக் குறைத்து எரித்தால் பசுமை தரும். மலைச்சரிவில் நீண்டு கிடந்த சூளைகளில், 1,200 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பத்தில், காற்றையும் தீயையும் அளவோடு காக்க வேண்டும். அளவு தவறினால் நிறம் கெடும்; பல நாள் உழைப்பும் வீணாகும். சூளையைத் திறக்கும்வரை எவரும் உறுதி கூற இயலாது.

இப்பீங்கான்கள் கடல் கடந்து பல நாடுகளுக்குச் சென்றன. இராமநாதபுர மாவட்டத்துப் பெரியபட்டினத்திலும் சீனப் பசும்பீங்கான் ஓடுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. 1323 ஆம் ஆண்டில் சப்பான் நோக்கிச் சென்ற வணிகக் கப்பல் ஒன்று கொரிய நாட்டுச் சினான் கடலில் மூழ்கியது. 1975 இல் மீனவர் ஒருவரின் வலையில் சில பீங்கான்கள் சிக்கின. அடுத்த ஆண்டு தொடங்கிய ஆய்வில் 20,000 க்கும் மேற்பட்ட பீங்கான்கள் வெளிவந்தன. அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை பசும்பீங்கான்கள். ஆறு நூற்றாண்டுகளுக்கு மேல் கடலடியில் கிடந்தும் பலவற்றின் பசுமை மங்கவில்லை.

அக்கப்பலின் சரக்குகளோடு மரச்சீட்டுகளும் கிடைத்தன. சரக்குக்கு உரியவர்களின் பெயர்கள் அவற்றில் எழுதப்பட்டுள்ளன. தட்டில் மலரைச் செதுக்கியவர் பெயரை நாம் அறியோம். ஆயினும் அவருடைய கத்தி சென்ற வழி, ஓர் இதழும் பிசகாமல், இன்றும் அம்மெருகின் அடியில் தெளிவாகத் தெரிகின்றது.